நூற்றுக்கு இரண்டு

கடிதம் நான்கே வரி. இயக்குநர் அதை அவள் பக்கமாகத் திருப்பி வைத்து, மேலே ஒரு பேனாவையும் வைத்தார். அவள் உட்காரவில்லை. நின்றபடியே படித்தாள்.

ரத்தத்திலிருந்து டி செல்களைப் பிரிக்கும் வேலையில், கழுவும்போது, என் கவனக்குறைவால் தவறு நேர்ந்துவிட்டது. இதை ஆய்வாளருக்கு நான் தெரிவிக்கவில்லை. இதனால் ஆய்வின் முடிவு பிழையானது. வருந்துகிறேன்.

அடியில் ஒரு கோடு. கோட்டின் கீழ் அவளுடைய பதவி அச்சாகியிருந்தது.

“யார் எழுதினது இது?” என்று கேட்டாள்.

“யார் எழுதினா என்னம்மா. திங்கட்கிழமை அந்தப் பேராசிரியை வர்றாங்க. அதுக்குள்ள இது ஃபைல்ல இருக்கணும்.”

கையெழுத்துப் போடாவிட்டால் என்ன ஆகும் என்று அவள் கேட்கவில்லை. அவரே சொன்னார். போட்டால் ஒரு கண்டிப்புக் கடிதத்தோடு போய்விடும். அதே அறை, அதே வேலை. போடாவிட்டால் விசாரணை. அது முடியும்வரை அவள் ரத்தத்தைத் தொடக் கூடாது. முடிந்த பிறகும் எந்த அறையில் உட்காருவாள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இதையெல்லாம் குரலை உயர்த்தாமல், உடம்புக்கு நல்லது சொல்கிற டாக்டர்போலச் சொன்னார். அன்று செவ்வாய்க்கிழமை. அவள் கடிதத்தை எடுத்து மடித்துக்கொண்டாள். பேனாவை எடுக்கவில்லை.

அவளை ஆய்வகத்தில் சிடுசிடு என்பார்கள். முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் சிடுசிடு. அவளுக்கும் இது தெரியும். ஒருமுறை தன் குளிர்சாதனப் பெட்டித் தட்டில் யாரோ அந்தப் பெயரைச் சீட்டாக ஒட்டியிருந்ததைப் பார்த்து, “கையெழுத்தாவது நல்லா இருக்கக்கூடாதா” என்று சொல்லிவிட்டு அதை அங்கேயே விட்டுவைத்தாள். அடையாளத்துக்கு உதவும் என்றாள்.

கோபம் பிறவியிலேயே வந்தது. அவள் அப்பா பஸ் டிப்போவில் டயர் மாற்றுபவர், சாது. மூன்று பெண்களில் இவள் நடு. பள்ளியில் ஒருநாள் சோதனைக் குழாய் ஒன்று உடைந்துகிடந்தது. உடைத்தது பக்கத்துப் பெண். ஆசிரியை இவளை அடித்தாள். அடி வாங்கி முடித்த பிறகு இவள் அலமாரியிலிருந்து இன்னொரு குழாயை எடுத்துத் தரையில் போட்டு உடைத்து, “இப்ப அடிங்க டீச்சர், பொருத்தமா இருக்கும்” என்றாள். அப்பா மூன்று நாள் பள்ளிக்கு நடந்து அவளைத் திரும்பச் சேர்த்தார். வழியெல்லாம் அவர் திட்டவில்லை. அதுவும் அவளுக்குக் கோபம்.

இரண்டு வருடப் படிப்பு படித்துவிட்டு ஒரு சின்ன மருத்துவமனையில் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள். பிறகு இந்த ஆய்வகம். இருபத்து மூன்று வருடமாக அதே மூன்றாவது மாடி, திறக்கவே முடியாத அதே ஜன்னல், செல் வளர்க்கும் இன்குபேட்டரின் அதே ஈரச் சூடு. இந்த வருடங்களில் அவள் கை என்ன கற்றிருந்தது என்பதைச் சொல்லாமல் அவள் கோபத்தைச் சொல்ல முடியாது.

ரத்தத்தை நீர்க்கச் செய்து, அடர்த்தியான ஒரு திரவத்தின் மேல் கலங்காமல் படரவிட்டு, இயந்திரத்தில் வைத்துச் சுற்ற வேண்டும். சிவப்பணுக்கள் அடியில் போய்ப் படியும். நடுவே மங்கலான வெள்ளை வளையம் ஒன்று நிற்கும். அதை உறிஞ்சி எடுத்தால் அதில் இருப்பவை வெள்ளையணுக்கள், பெரும்பாலும் டி செல்கள். கூடவே மோனோசைட்டுகளும் இருக்கும். டி செல் சின்னது, உருண்டை, எதிலும் ஒட்டாது. மோனோசைட் பெரியது. பிளாஸ்டிக்கைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும். அதனால் இரண்டையும் ஒரு பிளாஸ்டிக் தட்டில் ஊற்றி, உடம்புச் சூட்டில் ஒரு மணி நேரம் வைத்தால், மோனோசைட்டுகள் அடியில் கால் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடும். பிறகு ஊட்டத் திரவத்தை மெல்ல ஊற்றி, தட்டைச் சாய்த்து, மிதக்கிறவற்றை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். அவை டி செல்கள். எடுத்ததை இன்னொரு தட்டில் ஊற்றி இன்னொரு மணி நேரம்.

ஊற்றுகிற திரவம் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். குளிர்ந்ததை ஊற்றினால் மோனோசைட் பிடியை விட்டுவிடும். எந்தப் புத்தகத்தைப் பார்த்தும் அவள் இதைத் தெரிந்துகொள்ளவில்லை. முதல் வருடம் பத்துப் பன்னிரண்டு தட்டுகளைப் பாழாக்கித் தெரிந்துகொண்டாள். பாட்டிலை வெந்நீர்த் தொட்டியிலிருந்து எடுத்ததும் முன்கையின் உள்பக்கம் வைத்துப் பார்ப்பாள். சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாது. அப்போதுதான் சரி.

ஏன் இத்தனை பாடுபட்டுப் பிரிக்க வேண்டும் என்றால், டி செல்லுக்குத் தனியாக வளரத் தெரியாது. அதன் மேல் ஒரு பூட்டு இருக்கிறது. அந்தப் பூட்டுக்குப் பொருந்துகிற ஆன்டிபாடியைப் போட்டால் அது போய் உட்காரும். ஆனால் மிதந்துகொண்டிருக்கும் சாவி திரும்பாது. சாவியின் மறுமுனையை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். அதைப் பிடிப்பது மோனோசைட். பிடித்துக்கொண்டு, இன்னொரு இடத்திலும் தொட்டு, வளர் என்று சொல்கிறது. இரண்டும் கிடைத்தால்தான் டி செல் பெருகும். ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். மூன்றாம் நாள் பெருக்கத்தை எண்ணும் கவுன்ட்டரில் வைத்தால் எண் ஆயிரக்கணக்கில் ஏறி நிற்கும். மோனோசைட் இல்லாவிட்டால் எண் தரையோடு தரையாகக் கிடக்கும். ஆய்வகத்துக்கு யாராவது புதிதாக வந்து கேட்டால் அவள் சொல்வது ஒரே வாக்கியம்தான்: “ஒரு கை தட்டி ஓசை வராது.” அதற்குமேல் கேட்டால் வேலை இருக்கிறது என்பாள்.

மூன்று வருடத்துக்கு முன் அந்த ஆய்வாளர் வந்தார். நடக்கும்போதே பேசுவார், பேசும்போதே கிளம்புவார். எந்த வேலையைச் சொன்னாலும் கடைசிச் சொல் சீக்கிரம். அதனால் அவர் பெயர் சீக்கிரம் சார். இந்தப் பெயரை வைத்தது அவள்தான். டி செல்கள் மோனோசைட்டின் உதவி இல்லாமலே, வெறும் ஆன்டிபாடியால் மட்டும் வளரும் என்று காட்டுவது அவர் நோக்கம். தன்னுடைய ஆன்டிபாடி புதுவகை, பிடிக்க ஆள் வேண்டாம் என்றார். காட்டிவிட்டால் பெரிய விஷயம்தான். உடம்புக்கு வெளியே டி செல்களை வளர்த்து நோயாளிக்குத் திருப்பிக் கொடுக்க நினைக்கிறவர்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

முதல் நான்கு மாதம் எதுவும் வளரவில்லை. அவள் பிரித்துக் கொடுத்த டி செல்கள் சுத்தமாக இருந்தன. அதனால் சும்மா இருந்தன. சீக்கிரம் சார் ஆன்டிபாடியைச் சந்தேகப்படவில்லை. அவளைச் சந்தேகப்பட்டார். செல்கள் செத்துப்போகின்றன, பிப்பெட்டால் அடித்துக் கலக்குகிறீர்கள் என்றார். ஒருநாள் எல்லார் முன்னாலும், “மேடம், உங்களுக்கு இருக்கிறது கையா கடப்பாரையா?” என்று கேட்டார். சிரித்தார்கள். அவள் ஒரு துளி எடுத்துச் சாயம் கலந்து நுண்ணோக்கியில் வைத்து, செத்தது எத்தனை என்று வந்து எண்ணச் சொன்னாள். நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. அவர் எண்ண வரவில்லை. அந்த நான்கு மாதத்துத் தாள்களும் தோல்வி என்று ஒரு பெட்டியில் போய், பெட்டி எங்கோ போயிற்று.

பிறகு ஒரு காலையில் வெந்நீர்த் தொட்டி பழுதானது. பாட்டில்கள் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தன. தொட்டி சரியாகும்வரை நிறுத்தலாம் என்றாள். அவர் கதவிலேயே நின்று, அப்படியே ஊற்றுங்கள் என்றார்.

“குளிர்ந்ததை ஊத்தினா ஒட்டினதெல்லாம் கழண்டு வந்துரும் சார்.”

“அதெல்லாம் ஒண்ணும் வராது. ஊத்துங்க மேடம். சீக்கிரம்.”

அவள் ஊற்றினாள். கோபத்தில், கொஞ்சம் தாராளமாகவே ஊற்றினாள். மூன்றாம் நாள் கவுன்ட்டரில் எண்கள் ஏறின. ஆயிரம் இல்லை, பல ஆயிரம். சீக்கிரம் சார் அறைக்குள் ஓடி வந்தார். இயக்குநர் மாடி ஏறி வந்தார். எல்லாரையும் கூப்பிட்டு நிற்கவைத்து, “இதுக்குக் காரணம் இவங்க கை” என்று அவளைக் காட்டி, இயக்குநர் கைதட்டினார். எல்லாரும் தட்டினார்கள். இருபது வருடத்தில் அந்த அறையில் அவளுக்காக யாரும் கைதட்டியதில்லை.

அன்று மாலையே அவள் நுண்ணோக்கியில் பார்த்தாள். மிதக்கிறவற்றில் நூற்றுக்கு இரண்டு மோனோசைட் இருந்தது. பெரிதாக, அவரைவிதை போன்ற உட்கருவோடு, ஒளிந்துகொள்ளக்கூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தன. மறுநாள் சீக்கிரம் சாரிடம் சொன்னாள். ஒரே ஒரு முறை.

“ரெண்டு சதவீதமா? நூறு பேர் இருக்கிற வீட்டுல ரெண்டு பேர் என்ன செஞ்சிட முடியும்?” என்றார்.

என்ன செய்ய முடியும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு மோனோசைட்டைச் சுற்றி ஏழெட்டு டி செல்கள் மொய்த்துக்கொண்டு நிற்பதை அவள் நூறு முறை பார்த்திருக்கிறாள். இரண்டு போதும். சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர், “உங்க கையை இப்படியே வச்சுக்கோங்க மேடம்” என்றார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

தொட்டி ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. ஆனாலும் அவர் குளிர்ந்ததையே ஊற்றச் சொன்னார், அவள் ஊற்றினாள். கட்டுரை வெளிவந்தபோது அதில் கழுவப்பட்டது என்று மட்டும் இருந்தது. எதனால், எத்தனை சூட்டில் என்று இல்லை. கடைசியில் நன்றி என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது. வீட்டுக்கு எடுத்துப் போய்க் கணவனிடம் காட்டினாள்.

ஒரு வருடம் கழித்து வேறொரு ஆய்வகத்துப் பேராசிரியை எழுதினார். ஆறு முறை செய்து பார்த்தோம், ஒருமுறைகூட வளரவில்லை. மோனோசைட்டைச் சேர்த்தால் உடனே வளர்கிறது. எங்கே வேறுபடுகிறோம் என்று நேரில் வந்து பார்க்க அனுமதி வேண்டும். கடிதம் மேலே போனது. கீழே வந்தபோது நான்கு வரியாகி வந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை வீட்டில் கணவன் மேசை விசிறியைக் கழற்றிப் பரப்பி வைத்திருந்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். வேலை இல்லாத நேரத்திலும் எதையாவது கழற்றாமல் இருக்க முடியாது. அவள் மடித்த கடிதத்தை விசிறி இறக்கைகளுக்கு நடுவில் வைத்தாள். அவன் கை துடைத்துக்கொண்டு படித்தான். இரண்டாம் முறையும் படித்தான்.

“கையெழுத்துதானே. போட்டுட்டு வா,” என்றான்.

அவள் கத்தினாள். தவறு செய்கிறவன் ஒருத்தன், தலை குனிகிறவள் ஒருத்தியா, பழி ஓரிடம் பாவம் ஓரிடமா என்று கேட்டாள். உங்களுக்கென்ன, லிஃப்டை ஒழுங்காகப் பார்க்கத் தெரியாமல் ஒரு கிழவனின் காலை முறித்துவிட்டு வந்தவர்தானே என்றாள். அது ஒன்பது வருடத்துக்கு முந்திய கதை. ஒரு மருத்துவமனையில் லிஃப்ட் அரை மாடி விழுந்தது, உள்ளே இருந்த முதியவருக்குக் கால் முறிந்தது. பரிசோதிக்காமலே பரிசோதித்ததாக எழுதிவிட்டேன் என்று அவன் ஒப்புக்கொண்டு, வேறு பகுதிக்கு மாற்றலானான். ஒன்பது வருடமாக எந்தச் சண்டையிலும் அவள் கடைசியாக எடுக்கிற ஆயுதம் இது. எடுத்தால் அவன் பேசாமல் எழுந்து போய்விடுவான்.

அன்று அவன் எழுந்து போகவில்லை. “நான் பார்த்தேன்,” என்றான்.

“என்ன பார்த்தீங்க?”

“பிரேக்கைத்தான். தேஞ்சு போச்சு, மாத்தணும்னு ரெண்டு தடவை எழுதிக் கொடுத்தேன். மாத்தல. விழுந்ததும் ஒரு காகிதத்தை நீட்டினாங்க. இதே மாதிரிதான். போட்டேன்.”

அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது. இருவரும் அதை அணைக்கப் போகவில்லை.

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா நீ அங்க போய்ச் சண்டை போட்டிருப்ப. அப்புறம் எனக்கும் வேலை இருந்திருக்காது, உனக்கும் மானம் இருந்திருக்காது.” பிறகு, “தெனமும் அந்தக் கட்டடத்தைச் சுத்திக்கிட்டுதான் வேலைக்குப் போறேன். அந்தத் தெரு வழியா மட்டும் போறதில்ல,” என்றான்.

அவள் எழுந்து அடுப்பை அணைத்து, தீய்ந்த பாலைத் தேய்க்கத் தொடங்கினாள். பாத்திரம் பளபளத்த பிறகும் தேய்த்தாள். அவனுக்காகக் கோபம், அவன்மேல் கோபம், ஒன்பது வருடம் அந்த ஆயுதத்தை எடுத்த தன்மேல் கோபம். எதை முதலில் தேய்ப்பது என்று தெரியவில்லை.

புதன்கிழமை காலை, ரத்தம் எடுக்கும் அறையில் இருக்கும் நர்ஸிடம் கையை நீட்டினாள். ஆய்வுக்கு ரத்தம் கேட்கும் படிவத்தில் சீக்கிரம் சார் கையெழுத்து வேண்டும். தன் ரத்தத்துக்கு யார் கையெழுத்தும் வேண்டாம் என்பது அவள் கட்சி. நர்ஸ் அப்படி ஒரு விதி இல்லை என்றாள். வேண்டும் என்று எந்த விதியில் இருக்கிறது, காட்டு என்றாள் இவள். நர்ஸ் அலுத்துப்போய் ஊசியைக் குத்தினாள்.

மூன்று தட்டு. முதல் தட்டை வெதுவெதுப்பான திரவத்தால் கழுவி, மிதந்ததை மட்டும் எடுத்தாள். இரண்டாவதைக் குளிர்ந்ததால் கழுவினாள், இரண்டு வருடமாகக் கழுவுவதைப் போலவே. மூன்றாவதை வெதுவெதுப்பாகக் கழுவி எடுத்துவிட்டு, தட்டின் அடியில் ஒட்டியிருந்தவற்றை ரப்பர் முனையால் சுரண்டி, எண்ணி, நூற்றுக்கு இரண்டு என்ற அளவில் திருப்பிச் சேர்த்தாள். மூன்றுக்கும் ஒரே ஆன்டிபாடி, சீக்கிரம் சாருடையது, ஒரே அளவு. வேலையின்போது யாரோ உள்ளே வந்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே போனார்கள். சிடுசிடு இன்னைக்குக் கொதிக்குது என்று நடைவழியில் குரல் கேட்டது. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் வழக்கமான வேலையைச் செய்தாள். கையெழுத்து என்னாயிற்று என்று இயக்குநரின் அறையிலிருந்து இரண்டு முறை கேட்டார்கள். படித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லி அனுப்பினாள்.

சனிக்கிழமை கவுன்ட்டர் எண்களைத் துப்பியது. முதல் தட்டு: நானூறு சொச்சம். இரண்டாவது: முப்பத்தோராயிரம். மூன்றாவது: இருபத்தொன்பதாயிரம். அவள் தாளைக் கிழித்துக்கொண்டு நேராக இயக்குநர் அறைக்குப் போனாள். சீக்கிரம் சாரும் அங்கே இருந்தார், உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்து அவள் பார்த்தது அன்றுதான்.

மூன்று எண்ணையும் விளக்கினாள். டி செல்கள் தனியாக வளரவில்லை. இரண்டு வருடமாக வளர்ந்தது மோனோசைட் கூட வந்ததால். வந்தது குளிர்ந்த திரவத்தால். இயக்குநர் தாளை விளக்குப் பக்கமாகப் பிடித்துப் பொறுமையாகப் பார்த்தார். பிறகு அவள் எதிர்பார்க்காததைச் சொன்னார்.

“அதாவது, தப்பு கழுவினதுலதான். நம்ம கடிதமும் அதைத்தானம்மா சொல்லுது.”

தன் ரத்தத்தை எடுத்துத் தன் கையால் தனக்கெதிராகவே சாட்சி கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். சீக்கிரம் சார் பக்கம் திரும்பினாள்.

“குளிர்ந்ததை ஊத்தச் சொன்னது யாரு சார்?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எனக்கு ஞாபகம் இல்ல மேடம். நான் தெனமும் நூறு விஷயம் சொல்றேன்.”

“கடப்பாரைன்னு சொன்னது ஞாபகம் இருக்கா?”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். இயக்குநர், கோபத்தில் எதையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம், திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குள் கடிதம் வந்தால் போதும் என்று சொல்லி எழுந்துகொண்டார். கவுன்ட்டர் தாளை அவர் திருப்பித் தரவில்லை.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குக் கடிதம் அவள் கோட்டுப் பையில் கையெழுத்து இல்லாமல் இருந்தது. பத்து மணிக்குப் பேராசிரியை வந்தார். குள்ளமான பெண்மணி, நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார், கையில் ஒரு துணிப்பை. இயக்குநர் கூட்ட அறையில் உட்காரவைத்து, பிழை எங்கே என்று கண்டுபிடித்துவிட்டோம், உதவியாளர் மட்டத்தில் நேர்ந்தது, நடவடிக்கை எடுக்கப்படுகிறது என்று தொடங்கினார். பேராசிரியை முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, அந்த உதவியாளர் கழுவுவதைப் பார்க்கலாமா என்றார். இயக்குநர் சீக்கிரம் சாரைப் பார்த்தார். சீக்கிரம் சார் கடிகாரத்தைப் பார்த்தார்.

எல்லாரும் மூன்றாவது மாடிக்கு வந்தார்கள். அன்றைக்கு வந்த ரத்தத்தில் தட்டுகள் தயாராக இருந்தன. அவள் ஒரு பாட்டிலை வெந்நீர்த் தொட்டியிலிருந்தும் இன்னொன்றைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்தும் எடுத்து, இரண்டையும் பேராசிரியையின் கையில் கொடுத்தாள்.

“இது பழைய முறை. இது இவர் சொன்ன முறை,” என்றாள். ‘இவர்’ என்றபோது விரல் நீட்டினாள். பிறகு தொடக்கத்திலிருந்து சொன்னாள். நான்கு மாதத்து வெறும் எண்கள், பழுதான தொட்டி, கதவில் நின்று சொன்ன சொல், நூற்றுக்கு இரண்டு. சீக்கிரம் சார் நடுவில் இரண்டு முறை குறுக்கிட்டார். பேராசிரியை ஒரு கையைத் தூக்கினார், அவ்வளவுதான்.

அவள் முடித்த பிறகு பேராசிரியை இரண்டு பாட்டிலையும் மேசையில் வைத்தார். இயக்குநரையோ சீக்கிரம் சாரையோ பார்த்து எதுவும் கேட்கவில்லை. அவளைத்தான் கேட்டார்.

“நூத்துக்கு ரெண்டு இருக்குன்னு அன்னைக்கே பார்த்திருக்கீங்க. அது போதும்னும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. ரெண்டு வருஷமா ஏன் சொல்லல?”

இத்தனை நாளில் யாரும் கேட்காத கேள்வி. இயக்குநர் கேட்கவில்லை, கணவன் கேட்கவில்லை. அவளுக்கு முதலில் பேராசிரியைமேலேயே கோபம் வந்தது. ஒருமுறை சொன்னேன் என்று சொல்லலாம். அது உண்மையும்கூட. யார் கேட்பார்கள், நான் கழுவுகிறவள்தானே என்று சொல்லலாம். அதுவும் உண்மைதான். இரண்டும் வாய்வரை வந்தன. கணவன் தினமும் சுற்றிக்கொண்டு போகிற அந்தத் தெரு நினைவுக்கு வந்தது.

“கைதட்டினாங்க,” என்றாள்.

யாரோ சிரிக்கப்போய் நிறுத்திக்கொண்டார்கள்.

“இருபது வருஷத்துல ஒருநாள் எனக்குக் கைதட்டினாங்க. அது பொய்ன்னு தெரியும். இருந்தாலும் வேண்டியிருந்தது. அதான் சொல்லல.”

இயக்குநர் தொண்டையைச் செருமி, பார்த்தீர்களா, அவரே ஒப்புக்கொள்கிறார் என்று பேராசிரியையிடம் சொன்னார். அவள் கோட்டுப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து கிருமி படாமல் வேலை செய்யும் ஹூட்டின் கண்ணாடிமேல் வைத்து விரித்தாள். மேசையில் கிடந்த, குழாய்களில் எழுதும் தடித்த பேனாவை எடுத்தாள். கவனக்குறைவு என்ற சொல்லை அடித்தாள். வருந்துகிறேன் என்பதை அடிக்கவில்லை. கோட்டுக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில் எழுதினாள்: குளிர்ந்த திரவத்தால் கழுவச் சொன்னவர் ஆய்வாளர். அதனால் என்ன ஆகும் என்று தெரிந்தே கழுவியவள் நான். முதல் நாள் சொன்னேன். பாராட்டு கிடைத்ததும் சொல்வதை நிறுத்தினேன். அதற்கு முந்திய நான்கு மாதத்து எண்களை ஆய்வாளர் மறைத்தார். இவை எல்லாம் சேர்ந்ததுதான் தவறு.

“உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கறீங்க,” என்றார் இயக்குநர், மெதுவாக.

“என் பங்கு மண்ணைத்தான் போட்டுக்கறேன். மிச்சம் அவருக்கு,” என்றாள். கையெழுத்துப் போட்டு, கடிதத்தை இயக்குநரிடம் தராமல் பேராசிரியையிடம் தந்தாள். அவர் அதைப் படிக்காமல் துணிப்பையில் வைத்துக்கொண்டு, வெந்நீர்த் தொட்டிப் பாட்டிலால் ஒரு தட்டைக் கழுவிக் காட்டச் சொன்னார். அவள் கழுவிக் காட்டினாள். முதல் தட்டில் கொஞ்சம் சிந்தியது. இன்னொன்றை எடுத்தாள்.

கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. காரணம் ஒரே வரியில் இருந்தது, யார் என்று இல்லை. சீக்கிரம் சார் வேறொரு ஆய்வகத்துக்குப் போனார், இன்னும் பெரிய அறைக்கு என்று கேள்வி. அவளைக் கீழ்த்தளத்தில் கண்ணாடிப் பாத்திரங்கள் கழுவும் பிரிவுக்கு மாற்றினார்கள். ரத்தம் தொடும் வேலை இல்லை. முதல் நாள் காலையே, கழுவுதொட்டியில் தண்ணீர் வடியாமல் தேங்குகிறது, இதை இரண்டு வருடமாக யாரும் கவனிக்கவில்லை என்று இயக்குநருக்கு எழுதிக் கொடுத்தாள். மூன்று பிரதி எடுத்து, ஒன்றைச் சுவரில் ஒட்டினாள். அடியில் தன் பெயரை முழுசாக எழுதியிருந்தாள்.